பழைய ஸ்விட்சின் போர்ட்டைத் தேய்ப்பதற்கு முன்னால், அது எந்த ஊர் அழுக்கு என்று பாருங்கள்

திசையன்விளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரு கல்லூரியில் கழித்துக்கட்டிய 24 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் நான்கை ஏலத்தில் எடுத்திருக்கிறார். கணினி, கேமராக்களைக் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டிதான் இந்த ஸ்விட்ச்; கேபிளைச் செருகும் ஓட்டைதான் போர்ட். இரண்டை மாமாவின் கருப்பட்டிக் கிடங்கில் கேமராக்களுக்கு மாட்டிவிட்டு, மற்ற இரண்டை விற்பதாக யோசனை. ஒன்றின் போர்ட்டெல்லாம் செம்மண். ஒன்றில் குளவி கூடு கட்டியிருக்கிறது. ஒன்றில் போர்ட்டுக்குள் இருக்கும் உலோகப் பின்கள் சில பச்சை பூத்திருக்கின்றன. நான்காவது பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கிறது, ஆனால் பாதி போர்ட்டில் 1000 எம்பிபிஎஸ் வேகம் வருகிறது, பாதியில் 100-தான் வருகிறதாம். "மெடிக்கல் கடை ஸ்பிரிட்டை ஊற்றி, பல் துலக்கும் பிரஷால் தேய்த்துவிடலாமா அண்ணாச்சி?" என்பது கேள்வி.

தேய்க்க வேண்டாம் தம்பி. அந்த ஸ்பிரிட்டும் வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் பழைய ஸ்விட்ச்களில், அழுக்கால் செத்த போர்ட்டைவிடச் சுத்தம் செய்யப்போய்ச் செத்த போர்ட்தான் அதிகம். அதில் என் கைவரிசையும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்விட்சின் பின்கள் கறுத்துக் கிடந்தன. உப்புத்தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, ஈர்க்குச்சியில் சுற்றி, போர்ட் போர்ட்டாக உரசினேன். பளபளவென்று வந்தது. வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போனார். ஐப்பசி மழை தொடங்கியதும் அதே ஸ்விட்சைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பதினொரு போர்ட் போயிருந்தது. தங்கப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் இருந்த வெண்கலத்தைத்தான் நான் மினுக்கியிருக்கிறேன். நாலு மழை பார்த்ததும் அது களிம்பேறிவிட்டது.

ஆர்ஜே 45 என்பார்கள் இந்தப் போர்ட்டை, ஜாக் என்றும் சொல்வதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சதுர ஓட்டை. வேலை செய்வது உள்ளே இருக்கும் எட்டு ஸ்பிரிங் கம்பிகள். பாஸ்பர் வெண்கலக் கம்பி, அதன்மேல் நிக்கல், பிளக் வந்து தொடும் இடத்தில் மட்டும் அதற்கும் மேலே தங்கம். நல்ல ஜாக்கில் அந்தத் தங்கம் 50 மைக்ரோ இஞ்ச், அதாவது ஒன்றேகால் மைக்ரானுக்குச் சற்று அதிகம். தலைமயிரின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான சரக்கில் இதுவும் இருக்காது. 750 முறை செருகி எடுக்கும்வரை தாங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உப்புத்தாள் அந்த 750 தடவையையும் ஒரே இழுப்பில் முடித்துவிடும். மை அழிக்கும் ரப்பரும் அதே ஜாதிதான், அதிலும் மணல் தூள் கலந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், தங்கம் துருப்பிடிக்காது. தூசிக்கு அடியில் மஞ்சள் தெரிந்தால் அந்தப் பின்னுக்கு ஒரு குறையும் இல்லை. மேலே கிடப்பதை அகற்றினால் போதும். பிளக் தொடும் இடத்தில் வெள்ளிக் கோடு மாதிரி தெரிந்தால் தங்கம் தேய்ந்து நிக்கல் வெளியே வந்திருக்கிறது. அதுவும் ஓடும், ஆனால் வயதான பின். செம்பு நிறமோ பச்சையோ தெரிந்தால் பூச்சு போய்விட்டது. இதைப் பார்க்க, கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டுகிற லென்ஸும் ஒரு டார்ச்சும் வேண்டும். லென்ஸ் இல்லாவிட்டால் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், எனக்கு லென்ஸ்தான் வசதி.

பார்க்கும்போதே எட்டுக் கம்பிகளும் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் பிளக்கைச் சுமார் 100 கிராம் விசையோடு அமுக்க வேண்டும். நம் பக்கத்துப் பழைய ஸ்விட்ச்களில் ஓரத்து இரண்டு பின்கள், 1-ம் 8-ம், மட்டும் உள்ளே அமுங்கியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். யாரோ டெலிபோன் பிளக்கைச் செருகியிருப்பார்கள். அது ஆறு இடம் கொண்ட சின்ன பிளக். ஓட்டைக்குள் போகும், ஆனால் அதன் பிளாஸ்டிக் தோள் ஓரக் கம்பிகள் இரண்டையும் மிதித்துவிடும். இதற்கு எத்தனை பாட்டில் ஆல்கஹால் ஊற்றினாலும் பலன் இல்லை. மின்சாரத்தை எடுத்துவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற வளைந்த கொக்கியால் ஒரே ஒரு முறை, மெதுவாக, பக்கத்துக் கம்பியின் உயரத்துக்கு நிமிர்த்தலாம். இரண்டு மூன்று முறை மடக்கி நிமிர்த்தினால் வெண்கலம் களைத்து ஒடிந்துவிடும்.

சரி, அழுக்குக்கு வருவோம். நம் மாவட்டத்தில் அழுக்குக்கும் ஊர் உண்டு. எந்த ஊர் அழுக்கு என்று தெரிந்தால்தான் தண்ணீர் காட்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும்.

உங்கள் முதல் ஸ்விட்சில் இருப்பது தேரி மண். ஆனி, ஆடிக் காற்றில் திசையன்விளைப் பக்கம் எங்கே பறக்காது? அந்தச் சிவப்பு வெறும் இரும்புத் துரு நிறம். உள்ளே இருப்பது படிகக் கல் மணல். கண்ணாடியைக் கீறும் மணல், தங்கப் பூச்சு எம்மாத்திரம். அதனால் தேரி மண் இருக்கும் போர்ட்டில், வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூடக் கேபிளைச் செருகாதீர்கள். செருகினால் நீங்களே உப்புத்தாள் போட்ட மாதிரி. ஸ்விட்சைப் போர்ட் பக்கம் தரையைப் பார்க்கத் திருப்பிப் பிடித்து, மேல் தகட்டை விரலால் தட்டுங்கள். பாதி மண் அதிலேயே கொட்டும். அப்புறம் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். மீதிக்கு, முடி மிருதுவான சின்னப் பெயிண்ட் பிரஷ். கம்பிகளின் நீளவாக்கில், உள்ளேயிருந்து வெளியே இழுங்கள். குறுக்கே ஓட்டினால் பிரஷ் முடி கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டு, இழுக்கும்போது கம்பியையும் கூட்டிக்கொண்டு வரும். இரட்டை அடுக்கு ஸ்விட்ச்களில் பெரும்பாலும் மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும், கம்பி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு பிரஷை நுழையுங்கள்.

பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்று அடிக்கும் பழக்கம் இங்கே எல்லாரிடமும் உண்டு. அந்த கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தண்ணீரும் எண்ணெயும் நிற்கும். காற்றோடு அதுவும் சேர்ந்து உங்கள் போர்ட்டுக்குள் போகும். வாயால் ஊதுவதும் அப்படித்தான், எச்சில் தெறிக்கும். டப்பாவில் வரும் காற்று நல்லது, நிமிர்த்திப் பிடித்து அடிக்க வேண்டும். சாய்த்தால் திரவமாகவே கொட்டும். மூடியைத் திறந்து ஊதுவதென்றால் ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் சுழன்று பேரிங் போய்விடும். மூடியைத் திறக்கும்போது பவர் சப்ளை பக்கம் கை போகக் கூடாது. 230 வோல்ட் நேர்மின்சாரமாக மாறினால் சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் அது நிற்கும்.

குளவிக்கூட்டுக்கு என் வழி இதுதான்: நன்றாகக் காயவிட்டு, உலர்ந்தபடியே உடைப்பது. தண்ணீரோ ஆல்கஹாலோ பட்டால் அது களிமண் குழம்பாகிக் கம்பிகளுக்கு நடுவே இறங்கி, அங்கே மறுபடி காய்ந்துவிடும். ஈர்க்குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, நுனியைச் சீவிக்கொள்ளுங்கள். ஊக்கு, ஸ்குரூ டிரைவர் இதெல்லாம் தங்கத்தைக் கீறும். ஈர்க்குச்சி கீறாது, தேவைக்கு வளையும், ஒடிந்தாலும் வெளியே எடுத்துவிடலாம். கூட்டை ஓட்டையின் சுவர்ப் பக்கமிருந்து, கம்பிக்கு எதிர்ப்பக்கமாக, துளித் துளியாகப் பெயர்த்து எடுங்கள். உள்ளே குளவி தன் குஞ்சுக்குத் தீனியாக அடைத்து வைத்த புழுவோ சிலந்தியோ இருக்கும். அருவருப்புப் படாதீர்கள், அது விட்ட கறைதான் கம்பியில் ஒட்டியிருக்கும். மண் முழுக்க வெளியேறிய பிறகு அந்தக் கறைக்கு மட்டும் ஆல்கஹால் காட்டலாம். நூலாம்படை, பல்லி முட்டை ஓடு இவையெல்லாம் சாமணத்தால் முடிகிற வேலை.

வீடு கட்டுகிற இடத்தில் இருந்து வந்த ஸ்விட்ச் என்றால், சாம்பல் நிறத் தூளைப் பார்த்ததும் ஈரத்தை மறந்துவிடுங்கள். சிமெண்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று கொத்தனாரைக் கேட்க வேண்டியதில்லை. பஞ்சாலைப் பக்கத்துச் சரக்கில் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருக்கும், பார்க்கப் பயமாக இருக்கும், சாமணத்தால் இழுத்தால் ஒரே கொத்தாக வந்துவிடும். அல்வாக் கடைச் சமையல் கட்டில் மாட்டியிருந்த ஒரு ஸ்விட்சை எனக்குக் கொடுத்தார்கள். நெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி ஆகியிருந்தது. ஊதினால் அசையாது. அதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான் சரி. மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. கடைசி வரை மணம் மட்டும் போகவில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. உப்பு.

உங்கள் நான்காவது ஸ்விட்ச்மேல் எனக்கு இந்தச் சந்தேகம் இருக்கிறது. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடற்கரை ஓரத்தில் வேலை பார்த்த சரக்கு எல்லாவற்றிலும் கடல் காற்றின் உப்பு படிந்திருக்கும். உவரி என்ற பெயரிலேயே உவர்ப்பு இருக்கிறதே. சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் ஆகும்வரை சும்மா கிடக்கும். அதைத் தாண்டியதும் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்து, பின்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர்ப் படலமாக நிற்கும். அதனால்தான் இப்படிப்பட்ட ஸ்விட்ச் கடையில் மத்தியானம் சோதித்தால் நன்றாக ஓடும். மார்கழி விடியற்காலையில் லிங்க், அதாவது இணைப்பு, விழுந்து விழுந்து எழும். பத்து மணி வெயில் வந்ததும் தானாகச் சரியாகும். வாங்கியவர் கேபிளைத் திட்டுவார், கேமராவைத் திட்டுவார்.

இங்கேதான் பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். ஆல்கஹால் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்று 99 சதவீதத்தை வாங்கி ஊற்றுவார்கள். நெய்க்கு, பிசினுக்கு, ஈயப் பற்றுவைப்பில் தங்கும் ஃபிளக்ஸ் கறைக்கு அது சரி. உப்பு மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அநேகமாகக் கரையாது. இங்கிருந்து அங்கே தள்ளிவிட்டுப் போகும், அவ்வளவுதான். உப்பைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். அதற்காகக் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் அதிலேயே உப்பு இருக்கிறது, அதிலும் நம் போர்வெல் தண்ணீர். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் போதும். அமிலம் கலந்ததை எடுத்துவிடாமல், வெறும் டிஸ்டில்டு வாட்டர்தானா என்று லேபிளைப் பாருங்கள். அதில் நனைத்துப் பிழிந்த, ஈரம் மட்டும் தெரிகிற அளவு, நூல் உதிராத துணியால் முதலில் ஒரு முறை. உடனே 99 சதவீத ஆல்கஹாலால் இரண்டு முறை. அது மிச்சத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு ஆவியாகும். 70 சதவீத ஆல்கஹாலில் முப்பது பங்கு தண்ணீர்தான் என்பதால், லேசான உப்புக்கு அதுவே முதல் கையாக உதவும். மட்டம் என்று ஒதுக்கப்படும் அந்த 70-க்கு இந்த ஊரில் ஒரு வேலை இருக்கிறது.

மெடிக்கல் கடையில் "ஸ்பிரிட்" என்று கேட்டால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் போன்ற சேர்மானங்கள் இருக்கும், அவை தோலுக்கு நல்லது, பின்னில் படலமாகத் தங்கும். சானிடைசர் அதைவிட மோசம், கிளிசரின். கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு சானிடைசர் இருந்ததால், அதைப் போர்ட்டில் விட்டுப் பிசுபிசுப்போடு என்னிடம் வந்தவர்கள் ஏராளம். லேபிளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றும் சதவீதமும் எழுதியிருக்க வேண்டும், வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது. தின்னரும் நகச்சாய நீக்கியும் பக்கத்திலேயே வரக் கூடாது. அசிட்டோன் பட்டால் போர்ட் விளக்கின் பிளாஸ்டிக் வெளுத்து விரியும். துருவுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி 40 ஸ்பிரே எண்ணெய்ப் படலம் விடும், அதில் அடுத்த ஆடிக் காற்றின் தேரி மண் அழகாக ஒட்டிக்கொள்ளும். கடையில் காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டாலும் எண்ணெய் கலந்த ஸ்பிரேயைத் தருவார்கள், எச்சம் விடாதது என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நம் வெயிலில் எளிதாகத் தீப்பிடிக்கும், ஊதுபத்தி எரிகிற இடத்தில் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

போர்ட்டுக்குள் ஆல்கஹாலைக் கொண்டுபோக நான் காது குடையும் பட்ஸை நுழைப்பதில்லை. பஞ்சு கம்பியில் மாட்டி இழை இழையாக நின்றுவிடும். அதற்குப் பிளக்கையே வேலைக்காரனாக்கிவிடுவேன். பேட்ச் கார்டு என்கிற, இரு முனையிலும் பிளக் உள்ள நெட்வொர்க் கேபிள் உதவாதது ஒன்றிலிருந்து கிளிப் ஒடியாத நல்ல பிளக்கை ஒரு சாண் கேபிளோடு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எட்டுத் தகடுகள்மேல் ஒரே ஒரு சொட்டு ஆல்கஹால். போர்ட்டில் செருகி எடுங்கள், ஐந்தாறு முறை. பிளக்கைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடி. இந்த ஜாக்கின் அமைப்பே, செருகும்போது தகடு கம்பியின்மேல் வழுக்கி உரசிப் போகும்படிதான் இருக்கிறது. அந்த உரசல் மேல் அழுக்கைத் தள்ளிவிடும். உங்கள் கைவிசையை அது கேட்காது, ஸ்பிரிங்கின் விசையிலேயே நடக்கும், அதனால் தங்கத்துக்குச் சேதம் இல்லை. துணியில் கறுப்பு வருவது நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். மணல் ஒரு பொட்டு இருந்தாலும் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்று மேலே சொன்னது நினைவிருக்கட்டும்.

முடிந்ததும் போர்ட் பக்கம் கீழே பார்க்க வைத்து, ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரம். ஆல்கஹால் வெளியே நிமிடத்தில் காய்ந்துவிடும், ஜாக்கின் தகரக் கூட்டுக்குள் போனது அவ்வளவு சீக்கிரம் காயாது. பேட்டரித் தண்ணீர் பட்டிருந்தால் ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

இப்போது பச்சை பூத்த மூன்றாவது. லென்ஸில் பாருங்கள்: எட்டுப் பின்னிலும் ஒரே மாதிரி பச்சையா, ஒரு சோடியில் மட்டுமா? ஒரு சோடியில் மட்டும் என்றால், பெரும்பாலும் அது கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்ச். அதில் ஓடுவது 44 முதல் 57 வோல்ட் நேர்மின்சாரம். ஈரமும் உப்பும் இருக்கிற இடத்தில் அது முலாம் பூசும் தொட்டி மாதிரி வேலை செய்யும், நேர்முனைப் பின்னின் உலோகம் கரைந்துகொண்டே போகும், எதிர்முனைப் பின் தப்பித்துவிடும். இப்படிக் கரைந்த பின்னில் மேலே இருக்கும் பச்சையை எடுத்தால் அடியில் குழிதான் இருக்கும். ஒரு முறை பேட்டரித் தண்ணீர், இரண்டு முறை ஆல்கஹால், அதோடு விடுங்கள். பிழைத்தால் கணினி செருகுங்கள், பிஓஇ கேமராவை அதில் மாட்டாதீர்கள். பிழைக்காவிட்டால் அந்த ஓட்டையில் ரப்பர் மூடியைச் செருகி, மேலே சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். 24-ல் மூன்று போனால் 21 போர்ட் ஸ்விட்ச் வைத்திருக்கிறீர்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பிஓஇ போர்ட்டில் கம்பியின் ஒரு ஓரத்தில் ஊசிமுனை அளவு கரும்புள்ளி மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மின்சாரம் ஓடும்போதே பிளக்கை உருவினால் பொறி பறந்து விழும் தழும்பு அது. பிளக் கடைசியாகப் பிரியும் இடமும், செருகியபின் உட்காரும் இடமும் வெவ்வேறாக இருக்கும்படி ஜாக்கைச் செய்கிறார்கள்.

பச்சையோடு திருகாணித் தலைகளிலும் துரு, மூடியின் உள்பக்கம் மெல்லிய வண்டல் கோடு என்று தெரிந்தால் கதை வேறு. 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு நினைவிருக்கும். தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷன் வரை வந்து நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வெள்ளத்தில் முங்கிய சாமான்கள் அதன்பிறகு வெகு காலம் பழைய சந்தையில் சுற்றின, வெளிப்பக்கம் மட்டும் துடைத்துப் பளிச்சென்று வரும். ஒரு வியாபாரி எனக்கே அப்படி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார். அடையாளம் போர்ட்டில்தான் சிக்கியது: கம்பிகளுக்குப் பின்னால், பிரஷ் எட்டாத மூலையில், மாவு மாதிரி மெல்லிய வண்டல். காற்றில் வந்த தூசி வாசலில் அடர்த்தியாக இருந்து உள்ளே போகப்போகக் குறையும். தண்ணீர் கொண்டுவந்த வண்டல் மூலையில்தான் கெட்டியாக இருக்கும். முங்கிய ஸ்விட்ச் என்று தெரிந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைக் கழற்றி பேட்டரித் தண்ணீரில் அலசி, ஆல்கஹாலில் அலசி, இரண்டு நாள் காயவைத்துப் பார்க்கலாம். அதன் பவர் சப்ளையை மட்டும் நான் காப்பாற்ற முயல்வதில்லை, வேறு போடுவேன். விற்கப் போகும் இரண்டில் இது ஒன்றாக இருந்தால், வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்பதுதான் முறை.

இனி அந்த நான்காவதின் 100 எம்பிபிஎஸ். முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். பழைய 24 போர்ட் ஸ்விட்ச்களில் பலவற்றில் 24-ம் 100 எம்பிபிஎஸ்தான், ஓரத்தில் தனியாக இருக்கும் இரண்டு மட்டும் ஜிகாபிட், அதாவது 1000. சிஸ்கோ 2960 வரிசையில் 24டிடி என்று வருவது அப்படிப்பட்டது. அதில் 100 வருவது குறையே இல்லை. ஆனால் பாதியில் 1000 வருகிறது, பாதியில் வரவில்லை என்கிறீர்களே, அப்படியானால் அழுக்குக் கணக்கு பொருந்தும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஒன்று சரியாகத் தொடாவிட்டால், பல ஸ்விட்ச்களில் இரு பக்கமும் 1000-க்கு முயன்று பார்த்துவிட்டுத் தானாக 100-க்கு இறங்கும். ஆக, உங்களுக்கு 100 காட்டுகிற போர்ட் எந்த நான்கு பின்னில் பார்க்க வேண்டும் என்று தானே சொல்லிக்கொடுக்கிறது.

சோதிக்கும்போது எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே கேபிள், ஒரே லேப்டாப். கேபிள் புதுசாக, ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். ஸ்விட்சில் பிழை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒவ்வொரு போர்ட் வழியாகவும் பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பி, சிஆர்சி பிழை, அதாவது வழியில் சிதைந்து வந்த தகவலின் எண்ணிக்கை, ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறும்போதே பிளக்கை இடம் வலமாக லேசாக அசைத்துப் பாருங்கள். அசைவுக்கு ஏற்ப எண்ணிக்கை துள்ளினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அசைவே இல்லாமல் ஏறினால் பின்னில் படலம். ஒரு தாளில் 24 கட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் தேறிய போர்ட்டைத் தொடவே தொடாதீர்கள். மண்ணை ஊதியதற்கு மேல் அதற்கு ஒரு வைத்தியமும் தேவையில்லை. மற்றதெல்லாம் தேறாத போர்ட்டுக்குத்தான்.

ஃபைபர் போடும் எஸ்எஃப்பி ஓட்டைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பழைய ஸ்விட்ச் என்றால் அதன் மூடி தொலைந்திருக்கும். வெறும் கூட்டை ரப்பர் ஊதியால் ஊதினால் போதும். அதில் மாடியூல், அதாவது ஃபைபரைச் செருகும் சின்னப் பெட்டி, இருந்தால் அதன் வாயில் பிரஷ், துணி, ஈர்க்குச்சி எதுவும் கூடாது. சிங்கிள் மோடு ஃபைபரில் ஒளி போகும் கரு 9 மைக்ரான்தான், ஒரு தூசித் துகள் குறுக்கே நின்றாலே பாதி வெளிச்சம் போய்விடும். அதற்கென்று பேனா மாதிரி ஒரு கிளீனர் இருக்கிறது, அமுக்கினால் உள்ளே நாடா நகர்ந்து துடைக்கும். உங்கள் ஊர் கேபிள் டிவி ஃபைபர்காரரிடம் கட்டாயம் இருக்கும், இரவல் வாங்குங்கள். ஃபைபர் பிளக்கில் எல்சி, எஸ்சி என்று இரண்டு அளவு உண்டு, உங்களுக்கு எது வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள். ஸ்விட்ச் ஓடும்போது அந்த வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது. 1310, 1550 நானோமீட்டர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, செல்போன் கேமராவுக்கும் தெரியாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாக மாமாவின் கிடங்கு. கருப்பட்டி இருக்கும் இடத்தில் எறும்பு இருக்கும். எறும்புக்குச் சர்க்கரைக்கு அடுத்தபடியாகப் பிடித்த இடம் கதகதப்பான ஓட்டை. பயன்படுத்தாத ஒவ்வொரு போர்ட்டிலும் ரப்பர் மூடி போட்டுவிடுங்கள், ஆர்ஜே 45 மூடி மொத்தமாக மலிவாகக் கிடைக்கும். குளவிக்கும் அதுவே மருந்து. ஸ்விட்சைச் சுவரில் கிடையாக மாட்டாமல், போர்ட் பக்கம் கீழே பார்க்கும்படி செங்குத்தாக மாட்டினால் தேரி மண் உள்ளே தங்காது. ஆனால் காற்று எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, ஃபேன் ஓட்டையைச் சுவரோடு அடைக்காமல் மாட்டுங்கள். வெளியே நிற்கும் கேமராவின் பிளக்கில், மாட்டுவதற்கு முன் மின்சாரக் காப்புக்கான சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். ஸ்பிரிங் அமுக்கும் இடத்தில் கிரீஸ் விலகிக்கொள்ளும், சுற்றிலும் நின்று கடல் ஈரத்தைத் தடுக்கும். மாமாவுக்கு நான்காவதை உப்பை எடுத்த பிறகு கொடுங்கள், முதலாவதையும் மண் போன பிறகு கொடுக்கலாம். பச்சை பூத்ததை மட்டும் பிஓஇ கேமராவுக்கு மாட்ட வேண்டாம்.